பன்னிரண்டு அடுக்குப் பாவாடையும் ஓர் ஊசியும்

ஊசி நெஞ்சில் இல்லை. இடது மார்புக்கு மேலே, சேலை தோளுக்கு ஏறுகிற இடத்தில், இருபத்திரண்டு வருஷமாகத் தைத்து முடித்த கையோடு நான் ஊசியைக் குத்திவைக்கிற இடத்தில், விரல் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பி வருகிறது. மறுபடியும் போகிறது. இல்லை. தூரத்தில், கொட்டகையின் அந்தக் கோடியில், திரை விலகிக்கொண்டிருக்கிறது, பியானோ தொடங்கிவிட்டது, ஆட்டக்காரி மேபல் இன்னும் ஒரு மூச்சில் மேடைக்கு வந்துவிடுவாள், நான் இந்தக் கோடியில், சபையோர் தலைகளுக்கெல்லாம் மேலே, விளக்குக்காரர் நிற்கிற மரப்பரணில் ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து என் நெஞ்சை நானே தடவிக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிஷ ஆட்டம். இதை ஒரே ஒரு தடவை, முன்னால் இருந்து, முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மூன்று நாளாகத் தவம் கிடந்தேன். இன்று சனிக்கிழமை, சாயங்கால ஆட்டம், இதுதான் கடைசி. இதை முடித்துக்கொண்டு இந்த வெள்ளைக்கார நடனக் கம்பெனியார் பம்பாய் ரயில் ஏறிவிடுவார்கள், நான் சீர்செய்த பாவாடையும் பெட்டிக்குள் தட்டையாகப் படுத்துக்கொண்டு போய்விடும். ஊசி எங்கே போயிருக்கும்? மடியில் இல்லை. பெட்டிக்குக் கீழே இல்லை. கொசுவத்தை உதறிப் பார்த்தாயிற்று, அங்கேயும் இல்லை. அப்படியென்றால் அது ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் இப்போது விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடி வருகிறது.

வந்துவிட்டாள். எல்லாரும் மூச்சை இழுக்கிற சத்தம் இவ்வளவு தூரம் கேட்கிறது. பனி பெய்கிற ஆட்டமாம் இது. ஒரு துளிப் பனி காற்றில் இறங்கிவந்து தரையைத் தொட்டுக் கரைகிற வரைக்கும் ஆட்டம். மெட்ராசில் பனி என்றால் மார்கழியில் மூக்கு ஒழுகுவதுதான், யார் கண்டார்கள். இப்போதே கீழே ஓடலாமா? இரும்பு ஏணி இறங்கி, பக்கத்துச் சந்து வழியே சுற்றி, பின்கதவில் காவல்காரருக்குப் பதில் சொல்லி, இரண்டு நடை கடந்து மேடை ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஆட்டம் ஓடியிருக்கும். போய்த்தான் என்ன செய்ய? ‘அம்மா, கொஞ்சம் நில்லுங்கள், ஊசியை உங்கள் மேலே விட்டுவிட்டேன்’ என்று கையை ஆட்டுவேனா? போவதில் பிரயோசனம் இல்லை. பிரயோசனம் இல்லை என்பதனால்தான் உட்கார்ந்திருக்கிறாயா, இல்லை பார்க்கிற ஆசையினால் உட்கார்ந்திருக்கிறாயா, உண்மையைச் சொல் கிருபை. உண்மையைச் சொன்னால் இரண்டும்தான். ஆசைதான் முதலில். ஆசைப்பட்டு வந்தவள் பார்க்கவாவது செய்கிறாயா என்றால் அதுவும் இல்லை. அவள் கால் எங்கே போகிறது என்று தெரியவில்லை, கை என்ன சொல்கிறது என்று தெரியவில்லை, கண் இரண்டும் போய் அவள் இடுப்புப் பட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் அவள் வளைவாள். அங்கே இருந்தால் குத்தும்.

ஒன்றொன்றாக நினைத்துப் பார். மேலாடையை அவள் மேல் வைத்து முதுகுப் பக்கம் தைத்தேன். பதினாறு தையல். கொக்கி வைத்தால் போதாதா என்று முதல் நாள் கேட்டதற்கு மேபல் சிரித்துவிட்டு ஒரு மூச்சை இழுத்துக் காட்டினாள், விலா எலும்பெல்லாம் குடை விரிகிற மாதிரி விரிந்தது. ‘கொக்கியை நம்பினால் இரண்டாவது சுற்றில் தெறித்துவிடும். எங்களை ஒவ்வொரு தடவையும் உள்ளே வைத்துத் தைப்பார்கள், ஆடி முடித்ததும் வெட்டி எடுப்பார்கள்’ என்றாள். ஆகவே பதினாறு தையல், முடிச்சு, நூலைப் பல்லால் கடித்தேன், அவள் முதுகுப் பவுடர் என் உதட்டில் ஒட்டியது. மறுபடி நூல் கோத்தேன். முன்பக்கம் வந்து தோள் பட்டையில் தொங்கின ஒரு ஜிகினாவை இரண்டு தையலில் பிடித்தேன். அப்போது ஆறாவது அடுக்கு ஐந்தாவதோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன், அதைப் பிரித்துவிட இரண்டு கையும் வேண்டும், ஊசியைக் குத்திவைத்தேன். குத்தினது நன்றாக ஞாபகம் இருக்கிறது, துணிக்குள் அது இறங்குகிற அந்தச் சின்ன உரசல் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. எப்போதும் குத்துகிற இடத்தில்தான் குத்தினேன். அங்கே இல்லை. அடுக்கைப் பிரித்தேன், மணி அடித்தது, ‘போ மிஸஸ் கிருபா, ஓடு, உன் பாவாடையைப் போய்ப் பார்’ என்று மேபல் என்னைப் பிடித்துத் தள்ளினாள். என் பாவாடை என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் இல்லை. ஓடுகிற வேகத்தில் ஊசி நழுவிச் சந்தில் விழுந்திருக்கலாம் அல்லவா? விழுந்திருக்கலாம். கர்த்தாவே, விழுந்திருக்கட்டும். இல்லை, நூலோடு இருக்கிற ஊசி நழுவாது, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நழுவினதில்லை.

“யம்மா, பாவாட நிக்கிது பாரும்மா!” என்று பக்கத்தில் கன்னியப்பன் என் முழங்கையை இடிக்கிறார். விளக்குக்காரர் இவருக்கு மச்சான்; இந்தப் பரணில் எனக்கு இடம் கிடைத்ததே இவர் தயவில்தான். சலவைக்காரர். இந்தப் பாவாடையைக் கொன்றவர், பிறகு என்னோடு சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தவர். வியாழக்கிழமை காலையில் அழுக்கு மூட்டையோடு இதையும் சுருட்டிக்கொண்டுபோய்த் துறையில் அடித்துத் துவைத்து, பிழிந்து, உலர்த்திக் கொண்டுவந்து, கம்பெனி உடுப்புத் தைக்க வந்திருந்த என் முன்னால் வைத்தார். நனைந்த கோழி மாதிரி கிடந்தது. அந்தத் துணிக்கு டார்லட்டன் என்று பேர், சல்லாவுக்கும் கொசுவலைக்கும் நடுவில் ஒரு ஜாதி, நூலில் வலு கிடையாது, ஏற்றின பசையில்தான் நிற்கிறது. “பாவி மனுசா, இதத் தண்ணியில போடலாமாய்யா? இதுக்கு உசுரே பசையிலல்லா இருக்கு, அதக் கரைச்சு ஆத்துல விட்டுட்டு வந்திருக்கீரே” என்று நான் தலையில் கையை வைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அழுக்கா இருந்திச்சு, தோச்சேன். வண்ணான் கைல துணி குட்த்தா இன்னா பண்ணுவான், பூசை பண்ணுவானா?” என்றார். அதற்குள் மானேஜர் துரை வந்து போலீசைக் கூப்பிடுகிறேன் என்று குதித்தார். கன்னியப்பன் முகம் அப்போதுதான் செத்துப்போயிற்று. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. “சனிக்கிழமைக்குள் நான் இதை நிற்கவைக்கிறேன்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

கருவேலம் பிசின். எங்கள் மிஷன் போர்டிங் பள்ளியில் லேஸ் விறைப்பாக நிற்க ஏற்றுவது அதைத்தான். கன்னியப்பன் கொத்தவால் சாவடிப் பக்கம் போய் வாங்கிவந்தார், வெந்நீரில் கரைத்தோம், பன்னிரண்டு அடுக்கையும் பிரித்து ஒவ்வொன்றாக முக்கி, கொட்டகை முற்றத்தில் பிரம்பு நாற்காலிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன் கால்களில் இழுத்துக் கட்டினோம். இரண்டு அடுக்கு நார் நாராகக் கிழிந்திருந்தது, அதற்குப் பதில் சைனா பஜாரில் வாங்கின கொசுவலை. ஆறாவதும் ஒன்பதாவதும் கொசுவலை என்று எனக்கும் இவருக்கும்தான் தெரியும். ஈரம் போகுமுன் இவர் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டி போட்டார். அந்தக் கரிப்பெட்டியை இவர் பிடித்த பிடியைப் பார்க்கவேண்டுமே, பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. பிறகு சுருக்கு, பட்டியில் ஏற்றுதல், அடுக்குக்கு அடுக்கு நீளத் தையல், இழுத்துப் பிடித்தும் பிடிக்காமலும், இல்லாவிட்டால் பாவாடை ஆடாது, பலகையாகிவிடும். இன்று காலையில் பட்டியின் வெள்ளைச் சாட்டினில் விரல் குத்தி ஒரு பொட்டு ரத்தம் விழுந்தது. அவரவர் ரத்தத்தை அவரவர் எச்சில்தான் எடுக்கும். நூலை மென்று நனைத்து ஒற்றி எடுத்தேன். மேபல் பார்த்துவிட்டு, ‘என் தையற்காரி என் மேல் துப்புகிறாள்’ என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ரத்தம் போய்விட்டது, ஆனால் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், இப்போதுகூட, இவ்வளவு தூரத்திலிருந்து, அந்த இடத்தை என்னால் காட்ட முடியும். அங்கே ஊசி இல்லை. மின்னவில்லை. மின்னினாலும் தெரியுமா?

சுற்றுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐயோ முகம் சுளித்தாளா, இல்லை சிரிக்கிறாள், அது சிரிப்புத்தான், வலியை மறைக்கிற சிரிப்பு எப்படி இருக்கும், இவர்களுக்குக் கால் விரலில் ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படித்தான் சிரிப்பார்கள், நான் கட்டுப்போட்டுவிட்டிருக்கிறேனே, எனக்குத் தெரியாதா. சுவரொட்டியில் இவள் பேர் ஒல்கா, ருஷ்யக்காரி. பெட்டி மேல் எழுதியிருக்கிற பேர் மேபல் ஹிக்ஸ், அவள் அப்பா இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலையில் வேலை செய்கிறவர். ருஷ்யப் பேர் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காதாம். நேற்று இந்தப் பாவாடை தயாராகவில்லை என்று அதற்குப் பதிலாக ‘இந்து தேச ஆலய நடனம்’ ஆடினாள். மணி கோத்த மார்க்கச்சு, சல்லாவில் தைத்த கால்சட்டை, நடுவில் வெறும் வயிறு. எந்த ஊர் ஆலயத்தில் இப்படி என்று நான் கேட்கவில்லை, அவளாகவே ‘இது சரிதானா?’ என்று கேட்டாள், ‘பாரீசில் சரியாக இருக்கும்’ என்றேன், அப்படிச் சிரித்தாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அளவெடுக்கிறபோது பாவாடையின் கதையைச் சொன்னாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளின் குருவுக்குப் பாவாடை கணுக்கால் வரைக்கும் இருந்ததாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முழம் ஏறி, இப்போது இடுப்பிலிருந்து நேரே நீட்டி நிற்கிறது. கால் செய்கிற வேலை தெரிய வேண்டும் அல்லவா என்றாள். வாயு விளக்குக் காலத்தில் இந்தச் சல்லா தீப்பிடித்துப் பெண்கள் வெந்து செத்திருக்கிறார்களாம். தீப்பிடிக்காத மருந்து இருந்ததாம், அதில் முக்கினால் துணி பழுப்பாகிவிடும் என்று வேண்டாம் என்றார்களாம். அதைக் கேட்டதும் விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இப்போது புதிதாக வந்தவர்கள் இதெல்லாம் வேண்டாம் என்று வெறுங்காலோடு தொளதொளவென்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்களாம். ‘பத்து வருஷத்தில் இந்தப் பாவாடையை யாரும் போடமாட்டார்கள்’ என்றாள். போடாவிட்டால் என்ன. நான் பத்து வருஷம் கேட்கவில்லையே, ஐந்து நிமிஷம் கேட்டேன்.

“நெஞ்சாண்ட ஒண்ணு மின்னுது பாரேன். நச்சத்திரம் கணக்கா.” கன்னியப்பன்தான். “அது ஜிகினாய்யா, நான்தான் தச்சேன். பேசாம இரும்” என்கிறேன். குரல் கடுமையாக வந்துவிட்டது, பாவம், அவர் என்ன செய்வார். அவர் பார்க்கிறார். நிம்மதியாக, வாயைத் திறந்துகொண்டு, துறையில் அடித்துத் துவைத்த அந்த மனிதர் பார்க்கிறார், நான் தேடிக்கொண்டிருக்கிறேன். போர்டிங்கில் எட்டு வருஷம் தலையணையில் குண்டூசி குத்தி லேஸ் பின்னினேன். மாதக் கடைசியில் நீலக் காகிதத்தில் சுருட்டிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். ஒரு தடவை மிஸ்ஸியம்மாளிடம் கேட்டேன், இதையெல்லாம் யார் உடுத்துகிறார்கள் என்று. நல்லவர்கள் உடுத்துகிறார்கள், நீ வேலையைப் பார் என்றார்கள். அந்த நல்லவர்களின் கழுத்தை நான் எவ்வளவு நினைத்திருக்கிறேன், வெள்ளைக் கழுத்து, என் லேஸ், அதற்கு மேலே முகம் வராது, எவ்வளவு முயன்றாலும் வராது. பிறகு மவுண்ட் ரோட்டுக் கடை. துரைசானிகள் கண்ணாடி முன்னால் குண்டூசி குத்தின கவுனோடு நிற்பார்கள், விளிம்பில் முழங்காலிட்டு நான் நிற்பேன், நடந்து காட்டுங்கள் என்று சொல்ல வாய் வரும், சொல்லமாட்டேன். அந்தக் கவுன்கள் நடக்கிறதும் ஆடுகிறதும் எல்லாம் கிளப்பில். எனக்கு அங்கே ஏது வழி. என் கல்யாணத்துக்கு நானே லேஸ் வைத்துத் தைத்த சேலையைக்கூட நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி, இவ்வளவுதான் அகலம். அழகாக இருக்கிறாய் என்று அவர் சொன்னார். அவர் பார்த்தார். மூன்று வருஷத்தில் காலராவில் போய்விட்டார், அந்தச் சேலையைப் பார்த்த ஒரே கண்ணும் போயிற்று. செய்தது எல்லாம் போய்க்கொண்டே இருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு. ஒன்றாவது திரும்பி நின்று, இதோ பார் கிருபை, நீ செய்தது இப்படித்தான் இருக்கிறது என்று காட்டாதா என்று ஏங்கிப் போய்விட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்தெட்டு வயதில் ஒரு பாவாடைக்காக ஏங்குகிறேன்.

பார், இப்போதாவது பார், கையைப் பார், அதோ குனிகிறாள், குனியாதே மேபல், இடுப்பில் இருந்தால் இப்போதுதான் இறங்கும். இறங்கவில்லை. எழுந்துவிட்டாள். அடுக்குக்குள் இருக்குமோ, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, தொடையில் கீறிக்கொண்டு? வெள்ளைக் காலுறையில் சிவப்புக் கோடு தெரிகிறதா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், தெரியவில்லை. ரத்தம் வந்தால் என் எச்சில் அதை எடுக்காதே. பியானோ மெதுவாகிறது. மெதுவாகிறதென்றால் முடியப்போகிறது, ஒத்திகையை அறைச்சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், இன்னும் நான்கு தட்டு, முடியாதே, இன்னும் கொஞ்சம் இரு, நான் இன்னும் பார்க்கவே இல்லை, ஊசியை விட்டுத்தள்ளிவிட்டு இப்போது பார்க்கிறேன், இதோ பார்க்கிறேன் என்று கண்ணை இடுப்பிலிருந்து பிடுங்கி அவள் முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் அவள் தரையில் சாய்ந்துவிட்டாள், விளக்குக்காரர் விளக்கை மூடிவிட்டார், இருட்டு.

கைதட்டல் மழை மாதிரி கொட்டுகிறது. கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைக்கிறார். “அழுகையே வந்துட்ச்சும்மா” என்கிறார். நான் எழுந்திருக்கவில்லை, ஏணி ஞாபகம்கூட இல்லை. “எப்படிய்யா இருந்துச்சு?” என்று கேட்கிறேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். “ஏன், நீ பாக்கல?” “சொல்லும்.” அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிறார். “அத்த எப்படி சொல்றது. சுத்துறாங்கோ, சுத்துறாங்கோ, அப்பால டக்குனு நின்னுட்டாங்கோ. பாவாட மட்டும் நிக்கல. அது பாட்டுக்கு லேசா நடுங்கினே இருந்திச்சு, அப்பால ஒரு ஒரு அடுக்கா அடங்கிச்சு. மெய்யாலுமே பனி விய்ந்தா அப்டித்தான் இருக்குமோ இன்னாவோ. அத்தப் பாத்தியா நீ?” நான் பார்க்கவில்லை. இழுத்துப் பிடித்தும் பிடிக்காமலும் அந்த நீளத் தையலை நான் போட்டதே அந்த நடுக்கத்துக்காகத்தான். அதை இவர் பார்த்திருக்கிறார். யாராவது ஒருத்தர் பார்த்தார்களே என்று ஒரு பக்கம் மனசு நிறைகிறது, இன்னொரு பக்கம் இந்த நல்ல மனிதர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஏணி, சந்து, காவல்காரர், நடை. அறைக்குள் மேபல் பூச்செண்டை நாற்காலியில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மூச்சு அடங்கவில்லை, நான் வெட்டிவிடாமல் உட்காரவும் முடியாது. வியர்வையில் பிசின் வாசனை. ‘எங்கேயாவது குத்தினதா? கீறினதா?’ என்று கேட்கிறேன். ‘இல்லையே’ என்கிறாள். ‘பார்த்தாயா? உன் பாவாடை எப்படி இருந்தது?’ ‘நீங்கள் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. நடுங்கி, ஒவ்வோர் அடுக்காக அடங்கிற்று’ என்கிறேன். ‘ஆ, நிஜமாகவே பார்த்திருக்கிறாய்!’ என்று என் கன்னத்தில் முத்தமிடுகிறாள். நான் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னால் போகிறேன். பதினாறு தையலையும் வெட்டுகிறேன், பட்டியைத் தடவுகிறேன், அடுக்குகளுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறேன், ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. இல்லை. மேலாடை தளர்ந்து முன்பக்கம் சரிகிறது, அதைப் பிடிக்க முன்னால் வருகிறேன். அங்கே இருக்கிறது. அவளுடைய இடது மார்புக்கு மேலே, தோள் பட்டை ஏறுகிற இடத்தில், ஜிகினாக்களுக்கு நடுவே, ஒரு விரல் நீள வெள்ளை நூலோடு, நேராக, அழகாக, துணியை மட்டும் இரண்டு இடத்தில் கோத்துக்கொண்டு நிற்கிறது. எப்போதும் குத்துகிற இடத்தில்தான் குத்தியிருக்கிறேன். அது யாருடைய நெஞ்சு என்பதைத்தான் கை பார்க்கவில்லை. அந்த உடுப்புக்குள் நிற்கிறது நான்தான் என்று அது நினைத்துவிட்டது. கன்னியப்பனுக்கு நட்சத்திரமாகத் தெரிந்தது இதுதான்.

உருவி எடுக்கிறேன். மேபல் பார்க்கவில்லை, தலையிலிருந்து பூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். ஊசி அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஐந்து நிமிஷம் இது அங்கே ஆடியிருக்கிறது. அதை என் சேலையில், இடது பக்கம், அதன் இடத்தில் குத்திக்கொள்கிறேன், அந்தச் சூடு ஆறுகிற வரைக்கும் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.